ஏஐ கோட் எழுதினா நிஜமாவே வேலை சீக்கிரம் முடியுதா?

தண்டையார்பேட்டை_தேவ்:
2021ல கோட் எழுத உதவுற கோபைலட்ங்கிற ஏஐ டூல் வந்தப்போ "ஆட்டோகம்ப்ளீட்தானே"ன்னு சிரிச்சோம். இப்ப கிளாட் கோட், கர்சர் மாதிரி ஏஐ டூல்ஸ் எல்லாம் ரெப்போவை (ப்ராஜெக்ட்டோட மொத்த கோடையும்) படிச்சு, ஃபைலைத் திருத்தி, கோட் சரியா ஓடுதான்னு பார்க்கிற டெஸ்டும் ஓட்டிடுது. எம்.சி. ரோடு துணிக்கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். ரெண்டு வாரம் இழுக்கிற வேலை ரெண்டு நாள்ல முடியுது. இனிமே கையால கோட் அடிக்கிறது வெட்டி வேலை.

ராயபுரம்_ரிவ்யூ:
தம்பி, மீட்டர்னு ஒரு ஆய்வு அமைப்பு (ஆட்டோ மீட்டர் இல்ல) 2025ல இதைச் சோதிச்சுது. அனுபவமுள்ள ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்ஸ் 16 பேர், 246 வேலை. ஏஐ வெச்சு செஞ்சப்போ 19% கூடுதல் நேரம் ஆச்சு. அவங்களோ 20% சீக்கிரம் முடிச்சதா நம்பிட்டு இருந்தாங்க. உன் ரெண்டு நாளை யாராவது கடிகாரம் பார்த்து அளந்தாங்களா?

தண்டையார்பேட்டை_தேவ்:
16 பேரை வெச்சு ஊரையே அளக்காதீங்கண்ணே. அது 2025 ஆரம்பத்து டூல்ஸ். அதோட, அவங்க வருஷக்கணக்கா புழங்குன ரெப்போ அது. தெரியாத கோட்ல நுழையறவனுக்கு இது எவ்ளோ உதவின்னு அதுல வராது.

ராயபுரம்_ரிவ்யூ:
அது சரி. ஆனா உன் துணிக்கடை கணக்கையே எடுத்துக்கோ. 2025 செப்டம்பர் 22லருந்து ரெடிமேடுக்கு பீஸ் 2,500 ரூபா வரைக்கும் ஜிஎஸ்டி 5%, தாண்டுனா 18%. என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்த ஏஐ கோட், பீஸ் விலையை விட்டுட்டு லைன் டோட்டலை (விலை × எண்ணிக்கை) பார்த்துது. 900 ரூபா சட்டை மூணு எடுத்தா 2,700, உடனே 18%. வரி 135 ரூபா வரவேண்டிய இடத்துல 486! டெஸ்ட் அத்தனையும் பாஸ். ஏன்னா டெஸ்டையும் அதுவே எழுதியிருக்கு, எல்லாத்துலயும் குவான்டிட்டி 1.

தண்டையார்பேட்டை_தேவ்:
புதுசா சேர்ந்த பையனும் இதைத்தான் பண்ணுவான்.

ராயபுரம்_ரிவ்யூ:
பண்ணுவான். கடை ஓனர்கிட்ட ஒருதடவை வாங்கிக் கட்டிக்கிட்டா ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

வியாசர்பாடி_ஃப்ரெஷர்:
அந்தப் புதுப் பையனுக்கு சீட்டே இல்லையேண்ணா. சின்ன பக், டெஸ்ட் கேஸ்னு எங்களுக்குக் குடுக்கிற வேலையெல்லாம் ஏஐக்குப் போயிடுச்சு. இன்டர்வியூல ஏஐ தொடக்கூடாதாம், சேர்ந்த அன்னிக்கே அதுல கில்லாடியா இருக்கணுமாம். அது கிடக்கட்டும், 2,700 ரூபா சட்டைக்கு பில்லுலயே 10% தள்ளுபடி போட்டா 2,430. அப்போ 5% ஸ்லாப்தானே? அதுக்கு டெஸ்ட் இருக்கா?

தண்டையார்பேட்டை_தேவ்:
ஆமாம்மா, 5%தான். இப்பதான் ஏஐகிட்ட சொன்னேன், அரை நிமிஷத்துல டெஸ்ட் எழுதிக் குடுத்துடுச்சு.

ராயபுரம்_ரிவ்யூ:
கேட்டது அந்தப் பொண்ணு. உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களா தம்பி?

தண்டையார்பேட்டை_தேவ்:
இந்த வருஷம் இல்லண்ணே.