ஸ்மால்ஸ் ஜாமுக்கு ஆல்டோவோடு போகலாமா?

ஈரரீடு:
ஜெர்சி சிட்டியில் இருக்கேன். ஆறு வருஷமா ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். இந்த வாரக் கடைசி முழுக்க ஜாஸுக்குத்தான். வெள்ளி ராத்திரி நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் கச்சேரி. சனிக்கிழமை அங்கேயே ஸ்மால்ஸ் கிளப்பில் கடைசி செட்டுக்கு அப்புறம் நடக்கிற ஜாமில் (வந்தவங்க மேடை ஏறிச் சேர்ந்து வாசிக்கிறது) வாசிக்கணும்னு ரொம்ப ஆசை. ஆனா பயமா இருக்கு. மூணு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்தில் மேடை ஏறினேன். "பி பிளாட்"னு கீயை (பாட்டோட சுருதி) சொன்னாங்க, நானும் என் சாக்ஸில் பி பிளாட்டே பிடிச்சேன். எல்லாம் மோதிச்சு, பாதியில் இறங்கிட்டேன். அன்னிக்கு சாக்ஸைத் துடைச்சு வைக்கக்கூட மனசு வரல. இந்தத் தடவை எதைத் தயார் பண்ணிட்டுப் போகணும்?

நாலுதந்தி:
தம்பி, ஆல்டோவில் பிடிக்கிற சுரத்துக்குப் பியானோவில் வேற பேரு. நீங்க வாசிச்சது மத்தவங்களுக்கு டி பிளாட்டா கேட்டிருக்கும், அதான் மோதியிருக்கு. ஜாமில் சொல்ற கீ எல்லாம் பியானோ கணக்கு. அவங்க பி பிளாட்னா ஆல்டோவுக்கு ஜி, எஃப்னா டி. சத்தத்தில் வாயால் சொல்லாம விரலைக் கீழே நீட்டுவாங்க: ஒரு விரல் எஃப், ரெண்டு விரல் பி பிளாட். யாராவது தன் தலையைத் தட்டிக் காட்டினா மெலடிக்குத் திரும்பணும்.

நான் பாஸ் வாசிக்கிறவன். சுரம் தப்பி ஜாம் கெட்டு நான் பார்த்ததில்ல, கணக்கை விட்டுத்தான் கெடும். ரிதம் சேஞ்சஸ்னு ஜாமில் அடிக்கடி வர்ற அமைப்பு 32 பார் (தாளக் கட்டம்), எட்டெட்டா நாலு பகுதி. மூணாவது எட்டுதான் பிரிட்ஜ், மெட்டு மாறுற இடம். அங்கே ரெண்டு பாருக்கு ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்), பி பிளாட்டில் வாசிச்சா ஆல்டோவுக்கு பி7, இ7, ஏ7, டி7. தொலைஞ்சுட்டா ஊதுறதை நிறுத்திட்டு பாஸைக் கேளுங்க. பிரிட்ஜ் வந்தா காதே சொல்லிடும். ரெண்டு கோரஸோட (32 பாரும் ஒரு சுத்து வந்தா ஒரு கோரஸ்) இறங்கிடுங்க, பின்னாடி ஆளுங்க காத்திருப்பாங்க.

பிரஷ்கோல்:
ஃபோர்ஸ் வரும்போது உங்களுக்கு நாலு பார், டிரம்ஸுக்கு நாலு பார். டிரம்ஸ்காரங்க எங்க நாலையும் நீங்க எண்ணணும். 1940கள்ல நியூயார்க் ஹார்லெம்ல மின்டன்ஸ் கிளப்ல பியானோ மங்க், டிரம்ஸ் கென்னி கிளார்க் எல்லாம் இப்படி ராத்திரி ராத்திரியா வாசிச்சுத்தான் பீபாப்ங்கிற ஜாஸ் பாணி வளர்ந்தது. போனதும் ஜாமை நடத்துறவர்கிட்ட பேரைச் சொல்லிடுங்க. காத்திருக்கையில் ரீடு (சாக்ஸ் வாயில் பொருத்துற நாணல் பட்டை) காய்ஞ்சுடும், பார்த்துக்கோங்க.

ஈரரீடு:
போயிட்டு வந்துட்டேன்!

வெள்ளிக்கிழமை வான்கார்டில் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைச்சது. சாக்ஸ் மேதை கோல்ட்ரேன் 1961ல் வாசிச்சுப் பதிவு பண்ணின அதே கீழ்த்தளம். ஒரு மெதுவான பாட்டில் பிரஷ் தோலில் உரசுறது, யாரோ பக்கத்தில் அரிசி புடைக்கிற மாதிரி கேட்டுது. அதை எந்த ரெக்கார்டிலும் நான் இவ்வளவு கிட்டக் கேட்டதில்ல.

சனிக்கிழமை ஸ்மால்ஸில் என் முறை வர ஒண்ணே முக்கால் ஆயிடுச்சு. அதுவரை ரீடை வாயிலேயே வச்சிருந்தேன். டிரம்பெட்காரர் ரெண்டு விரலைக் கீழே காட்டினார். ஜி! முதல் கோரஸ் நல்லா போச்சு. ரெண்டாவதில், பிரிட்ஜுக்கு முன்னாடி, எங்கே இருக்கேன்னே தெரியல. அண்ணா சொன்ன மாதிரி நிறுத்திட்டேன். பாஸ்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரோட டியை ரெண்டு தடவை அழுத்தி இழுத்தார். எனக்கு அது பி7. உள்ளே போயிட்டேன். இறங்கும்போது அவர் தலையசைச்சார், அவ்வளவுதான், பேசவே இல்ல.

கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட்டில் ஜெர்சி சிட்டிக்குப் போற பாத் (PATH) ரயில் ஏறும்போது மணி மூணு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சாக்ஸைத் துடைச்சேன்.

அண்ணா, எஃப்னா டின்னு சொன்னீங்களே, அந்த எஃப் கீயை யாருமே கூப்பிடல. அதுக்காக அடுத்த சனிக்கிழமையும் போறேன்.