வாசல் சரிவும் முதல் குரூசரும்

சத்துவாச்சாரி குடும்பம் (குழு)

வியாழன் இரவு

நான்: ஒரு விஷயம். ஸ்கூட்டரை அக்காவுக்குத் தள்ளிவிட்டு பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன். குரூசர். மீட்டியார் 350, இல்லையென்றால் அவெஞ்சர் 220. திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

பெரியப்பா: குரூஸ் கப்பலா? எங்கிருந்து கிளம்புகிறது?

அக்கா: பெரியப்பா, பைக்! கால் நீட்டி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி.

அம்மா: ஸ்கூட்டருக்கு என்ன கேடு? நன்றாகத்தானே ஓடுகிறது.

நான்: ராணிப்பேட்டை போக வர தினம் 50 கிலோமீட்டர் அம்மா. ஹைவேயில் பக்கத்தில் லாரி போனாலே ஸ்கூட்டர் தள்ளாடுகிறது. சின்ன சக்கரம், பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு வரைக்கும் தெரிகிறது.

ஆம்பூர் மாமா: வாங்குவது என்று ஆகிவிட்டது, பெரிசா எடு. சூப்பர் மீட்டியார் 650! நம் வீட்டுப் பெண் அதில் வந்து இறங்கினால் ஆம்பூரே திரும்பிப் பார்க்கும்.

காட்பாடி சித்தப்பா: மாமா, அந்த வண்டி 241 கிலோ. சாய்ந்தால் நீங்கள் ஆம்பூரிலிருந்து வந்து தூக்குவீர்களா? அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் போனால் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குள் இருந்தால் 18. மீட்டியார் 349 சிசி. ஒரு சிசியில் தப்பித்தது.

ஆம்பூர் மாமா: சரி சரி, வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

காட்பாடி சித்தப்பா: பாப்பா, முதலில் லைசென்ஸை எடுத்துப் பார். உன்னுடையது கியர் இல்லாத வண்டிக்கு வாங்கியது. கியர் வண்டிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட், எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அங்கே எட்டு போட்டுக் காட்டணும். அந்த ஒரு மாதம் என் பழைய 100 சிசி வண்டியில் பழகு. புது வண்டியைக் கீழே போட்டுப் பழகுவதை விட என் வண்டியைப் போடு, அதற்கு ஏற்கனவே எல்லாப் பக்கமும் அடி.

அம்மா: கீழே போடுவதா???

காட்பாடி சித்தப்பா: அண்ணி, எல்லாரும் ஒரு தடவை போடுவார்கள். நின்ற இடத்தில்தான் போடுவார்கள், அதனால் பயப்படாதீர்கள்.

ஞாயிறு மதியம்

நான்: இன்று ஒரு ஷோரூம் போனோம், நானும் அக்காவும். உட்கார்ந்து பார்க்கிறேன் என்றதும் அந்தப் பையன் அக்காவைப் பார்த்து "சார் வரலையா மேடம், யாரு ஓட்டப் போறாங்க?" என்றான். நான்தான் என்றேன். டெஸ்ட் டிரைவ் வண்டி சர்வீசில் இருக்கிறதாம். வாசலில் நின்ற வண்டி யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை.

அக்கா: நான் முறைத்த முறைப்பில் ஏசி ஆஃப் ஆகியிருக்கும்.

காட்பாடி சித்தப்பா: அந்தக் கடையை விடு. மீட்டியார் என் ஃப்ரெண்டு வைத்திருக்கிறான், அவெஞ்சர் எங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கிறது. இரண்டையும் சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறேன். நீ ஓட்ட வேண்டாம். தள்ளினால் போதும்.

நான்: தள்ளவா?

காட்பாடி சித்தப்பா: எல்லாரும் பைபாசில் ஒரு சுற்று விட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். 60ல் போகும்போது எந்த வண்டியும் இறகு மாதிரிதான் இருக்கும். கனம் தெரிவது பெட்ரோல் பங்க் வரிசையில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் இஞ்ச் இஞ்சாக நகரும்போது, அப்புறம் உங்கள் வீட்டு வாசலில். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு உங்கள் வீடு ஒரு அடி பள்ளத்தில் போய்விட்டது. காலையில் அந்தச் சரிவில் வண்டியைப் பின்னால் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியது நீ, நானோ மாமாவோ இல்லை.

ஞாயிறு இரவு

நான்: சரி, ரிப்போர்ட். எனக்கு உயரம் 5 அடி 1 அங்குலம். அவெஞ்சர் சீட் 737 மில்லிமீட்டர், உட்கார்ந்ததும் பாதம் ஆறுதலாக ஊன்றியது. மீட்டியார் 765, முன்பாதம் மட்டும் அழுத்தமாக ஊன்றுகிறது, குதிகால் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. எடை அவெஞ்சர் 163 கிலோ, மீட்டியார் 191. என் ஸ்கூட்டர் 100 சொச்சம்தான். அவெஞ்சரைப் பின்னால் தள்ளி மூச்சு வாங்கி ஏற்றிவிட்டேன். மீட்டியார் பாதி சரிவில் நின்றது, அங்கிருந்து என்னைத் தள்ள ஆரம்பித்தது. சித்தப்பா பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், மானமே போச்சு.

அம்மா: அப்போ சின்னது எடு. முடிந்தது.

நான்: அதுதான் முடியவில்லை அம்மா. அவெஞ்சரில் பின்பக்கம் டிரம் பிரேக், ஏபிஎஸ், அதாவது சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது, முன் சக்கரத்துக்கு மட்டும். மீட்டியாரில் இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். தினம் ஹைவேயில் போகிறவளுக்கு எது வேண்டும்?

காட்பாடி சித்தப்பா: நான் அவெஞ்சர் என்றுதான் வந்தேன். ஆனால் ஒன்று இருக்கிறது. எடை குறைவே தவிர அது நீள வண்டி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1490 மில்லிமீட்டர். மீட்டியார் 1400. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கும் அவெஞ்சரில் நன்றாக நீட்டிக்கொண்டு இருக்கும், அதனால் குறுகின சந்தில் யூ டர்ன் எடுத்தால் இடம் கேட்கும். உங்கள் தெருவில் ஒரு கார் நின்றாலே கதை முடிந்தது. அப்புறம் இரண்டிலுமே கால் முன்னால் இருக்கும், சாதா பைக் மாதிரி வேகத்தடையில் சட்டென்று எழுந்து நிற்க வராது. உட்கார்ந்தே வாங்க வேண்டும், அடி நேராக முதுகெலும்புக்கு. அங்கே வேகத்தைக் குறை, வேறு வழி இல்லை.

அக்கா: அப்போ சரிவுக்கு என்ன வழி?

காட்பாடி சித்தப்பா: நாம்தான் முட்டாள் மாதிரி மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிறோம். சாயங்காலம் வந்ததும் ரோட்டிலேயே இன்ஜினை அணைத்து, முன் பிரேக்கை இரண்டு விரலில் லேசாகப் பிடித்து, பின் சக்கரத்தைச் சரிவில் மெதுவாக உருட்டி உள்ளே இறக்கு. எடை அதுவாகவே இறங்கும், நீ பிடித்துக்கொண்டு போனால் போதும். காலையில் ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்டில் நேராக ஏறி வெளியே வந்துவிடலாம்.

நான்: இதை அவர் சொன்னதும் செய்து பார்த்தேன். 191 கிலோ அம்மா, ஒரு கையால் இறக்குகிற மாதிரி இறங்கியது. தாத்தா நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆம்பூர் மாமா: மீட்டியார் என்றால் ஒரு லாபம், கியருக்கு முன்னாலும் பின்னாலும் மிதி இருக்கிறது. குதிகாலால் அழுத்தினால் கியர் ஏறும், ஷூ முன்பக்கத் தோல் தேயாது. ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். கணுக்கால் மூடுகிற பூட் ஒன்று அனுப்புகிறேன், அளவு சொல். லேஸ் இல்லாதது. லேஸ் மிதியில் மாட்டினால் நிற்கும்போது கால் இறங்காது.

பெரியம்மா: துப்பட்டா பறக்க விட்டு ஓட்டாதே. அதுதான் எனக்குப் பயம்.

நான்: கண்டிப்பாக பெரியம்மா. பின்னால் உட்காருகிறவருக்கும் ஐஎஸ்ஐ ஹெல்மெட். அம்மாவுக்கும்.

அம்மா: நான் ஏன் உட்காரப் போகிறேன்.

மூன்று வாரம் கழித்து, சனி

நான்: போட்டுவிட்டேன். சித்தப்பா வண்டியை. காந்தி நகரில் ஆள் இல்லாத தெருவில் எட்டு போடும்போது கிளட்சைப் படக்கென்று விட்டு, பயத்தில் முன் பிரேக்கையும் பிடித்து, ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே. வலது இண்டிகேட்டர் போச்சு. எனக்கு ஒன்றும் இல்லை, முழங்கையில் கீறல்.

அம்மா: போன் எடு.

அம்மா: எடுக்கிறாயா இல்லையா.

காட்பாடி சித்தப்பா: அண்ணி, பக்கத்தில்தான் இருந்தேன், நடக்கிற வேகம்தான். அவளே தூக்கினாள். ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, முதுகை வண்டிக்குக் கொடுத்து, உட்கார்ந்த மாதிரி இருந்து காலால் எழுந்தாள். குனிந்து கையால் தூக்கியிருந்தால் இடுப்பு பிடித்திருக்கும். பாப்பா, திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதே, பின் பிரேக்கை லேசாக மிதித்து, கிளட்சைப் பாதியில் வைத்து விளையாடு. பார்வை தரையில் இருந்தால் வண்டியும் தரைக்கு வரும், எங்கே போக வேண்டுமோ அங்கே பார்.

நான்: டெஸ்ட் அடுத்த வியாழன். வண்டி புக் பண்ணியாச்சு. மீட்டியார். வந்ததும் ஏலகிரி!

காட்பாடி சித்தப்பா: ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. வந்த வாரமே வேண்டாம். முதல் சர்வீஸ் முடியட்டும், அதுவரை பாகாயம், ஸ்ரீபுரம் என்று சுற்று.

அம்மா: ஸ்ரீபுரம் என்றால் நானும் வருகிறேன். பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?

நான்: இருக்கிறது அம்மா.

அம்மா: புடவை மாட்டாதே?

காட்பாடி சித்தப்பா: சேலைக் கம்பி போட்டுத்தான் தருவார்கள் அண்ணி. ஷோரூமில் அழகு கெடுகிறது, கழற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அப்போ கப்பல் இல்லையா?