‘சிறும வினை’யா, ‘இயக்கத்தொகை’யா?

ஒரு பொருள் செல்லும் உண்மைப் பாதையில் ஒரு குறிப்பிட்ட அளவு மிகக் குறைவாக இருக்கும் என்று சொல்லப்படும் இயக்கவியல் நெறிக்கு (principle of least action) ‘சிறும வினைக் கோட்பாடு’ என்று நாம் எழுதிவரும் பெயரில் இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. ‘வினை’ என்றதும் நியூட்டனின் மூன்றாம் விதியில் வரும் வினையும் எதிர்வினையுமே மாணவர் நினைவுக்கு வரும். இலங்கை வழக்கான ‘தாக்கம்’ என்பதை எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. அது மறுதாக்கத்தோடு இணைந்தே பழகிய சொல். அங்கெல்லாம் பேசப்படுவது விசை. இங்கே பேசப்படுவதோ, ஒரு பொருள் புறப்பட்டது முதல் சேரும்வரை ஒவ்வொரு கணத்திலும் அதன் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, அந்த வேறுபாட்டைப் பயணக் காலம் முழுவதற்கும் தொகையீடு செய்து (கணந்தோறும் கூட்டி) பெறும் அளவு. இதைக் கீழே ‘தொகை’ என்கிறேன். அதன் அலகு ஜூல்-வினாடி.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பந்தை மேலே எறிகிறோம். அது 2 வினாடியில் கைக்குத் திரும்புகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், பந்து 5 மீட்டர் உயரம் போய் வரும். தொகை சுமார் −33.3 ஜூல்-வினாடி. அதே 2 வினாடியும் பந்து கையிலேயே இருந்ததாகக் கற்பனை செய்தால் தொகை 0. ஒவ்வொரு கணத்திலும் உண்மை உயரத்தைப் போல் இரு மடங்கு உயரத்தில் இருந்ததாகக் கொண்டால், இயக்க ஆற்றல் நான்கு மடங்காகவும் நிலை ஆற்றல் இரு மடங்காகவும் பெருகி, தொகை மீண்டும் 0. பாதி உயரத்துக்கும் ஒன்றரை மடங்கு உயரத்துக்கும் −25. உண்மைப் பாதையை ஒட்டி உயரத்தைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் தொகை ஏறக்குறைய மாறுவதில்லை. இந்த மாறாமைதான் நெறியின் உயிர். தொகை எதிர்க்குறியிலும் வருவதால், அதை இயற்கையின் ‘செலவு’ என்று விளக்குவதும் பொருந்தாது.

‘சிறும’ என்பதை விடவேண்டியதற்கும் காரணம் இதுவே. 2 வினாடி அலைவுக்காலம் கொண்ட ஊசலின் சிறு அலைவில், நாம் எடுக்கும் கால இடைவெளி 1 வினாடிக்குக் குறைவாக இருக்கும்வரை உண்மைப் பாதையின் தொகை சிறுமம்தான். இடைவெளி 1 வினாடியைத் தாண்டினால், உண்மைப் பாதையைவிடக் குறைந்த தொகையுள்ள அண்டைப் பாதைகள் தோன்றிவிடுகின்றன. ஆயினும் ஊசல் அவற்றை நாடுவதில்லை. 1746இல் பிரெஞ்சு அறிஞர் மோபெர்த்துயி இந்த நெறியில் படைத்தவனின் சிக்கனத்தைக் கண்டார். அவர் எடுத்துக்கொண்டது நிறை, வேகம், தொலைவு ஆகியவற்றின் பெருக்கம். மேலே சொன்ன கால வழித் தொகையீட்டை 1834–35இல் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹாமில்டன் நிறுவிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இந்த நெறியின் இயற்பியல் பொருள் முழுமையாக விளங்குவது, நுண்துகள்களின் இயக்கத்தை விளக்கும் குவாண்டம் இயக்கவியலில்தான். அதன் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் அலகும் ஜூல்-வினாடியே. அதன் மதிப்பு சுமார் 6.626 × 10⁻³⁴. 1948இல் அமெரிக்க இயற்பியலாளர் ஃபைன்மன் காட்டியபடி, துகள் செல்லக்கூடிய எல்லாப் பாதைகளும் பங்களிக்கின்றன. ஒவ்வொன்றின் கட்டத்தையும் (phase, அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) அதன் தொகைக்கும் பிளாங்க் மாறிலிக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. தொகை விரைந்து மாறும் இடங்களில் அண்டைப் பாதைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மாறாத இடத்தில் அவை ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகின்றன. பந்தின் பாதை அங்கேதான் உருவாகிறது. இதில் நோக்கமும் இல்லை, சிக்கனமும் இல்லை.

எனவே அளவுக்கு ‘இயக்கத்தொகை’ என்றும், கோட்பாட்டுக்கு ‘இயக்கத்தொகை நெறி’ என்றும் பெயரிடலாம் என முன்மொழிகிறேன். ‘வினைத்தொகை’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். காலம் கரந்த பெயரெச்சம் என்னும் இலக்கணப் பொருள், காலத்தைத் தொகைக்குள் அடக்கிவிடும் இந்த அளவுக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஆயினும் பள்ளியிலேயே வேரூன்றிய இலக்கணச் சொல்லை அறிவியலுக்கு இரவல் வாங்கினால் தேடலிலும் அகராதியிலும் குழப்பமே மிஞ்சும். தொகையீட்டுக்குள் நிற்கும் ஆற்றல் வேறுபாட்டை ‘லக்ராஞ்சியன்’ என்று ஆள்பெயராலேயே வழங்கலாம். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.