புதுப்பிப்பு: முகாமுக்கு எந்த ஹாமக் (இரு மரங்களுக்கிடையே கட்டும் துணித் தொங்கு படுக்கை)?

எடை தாங்கும் அளவைப் பார்த்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது, நீளம்தான் முதலில். 2.7 மீட்டர் துணியில் குறுக்குச் சாய்வாகப் படுக்க இடமிருக்காது. உடம்பு வில்லாக வளையும், முழங்கால் பின்பக்கமாக மடங்கி வலிக்கும். 3.3 மீட்டர் என்றால் முதுகு கிட்டத்தட்ட நேராகிவிடும்.

ஹாமக்கை மரத்தில் கட்டும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு பக்கத்து இழுவிசையும் ஆளின் எடை அளவுதான். 15 டிகிரிக்கு விறைப்பாகக் கட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மெல்லிய கயிறு வேண்டவே வேண்டாம், மரப்பட்டையை அறுக்கும். 2.5 செ.மீ. அகலப் பாலியெஸ்டர் பட்டை நல்லது. நைலான் நனைந்தால் நீளும், ஹாமக் தாழ்ந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக் மட்டும் குளிரைத் தடுக்காது: முதுகுக்கடியில் அது நசுங்கிவிடும். வெளியே, ஹாமக்குக்குக் கீழே தொங்கும் கதகதப்பு விரிப்பு அவசியம்.