மியூனிக் 1938: அருகில் போய்ப் பார்த்தபோது

1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் செய்த ஒப்பந்தத்தில், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்க பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் சம்மதித்தார். அவர் ஏன் ஹிட்லருக்கு அவ்வளவு இறங்கிப் போனார்? படிக்கிற காலத்தில் "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியிருந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஊர்த் தேவாலய வாசலில், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல் இருந்தது. நூறு வீடுகூடத் தேறாத ஊர். கல்லில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று முறை. "மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. 1938 செப்டம்பரில் அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் விஷவாயு முகமூடி கொடுத்தார்களாம். ரப்பர் நாற்றம், மூச்சு முட்டும், கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே இருப்பவர் தெரியாது. மியூனிக்கில் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று கேட்டதும் அவர் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாராம், நிம்மதியில்.

அந்த நெருக்கடியில் ஏறக்குறைய 3.8 கோடி முகமூடிகளை விநியோகித்தார்கள். லண்டன் ஹைட் பார்க்கில் பதுங்குகுழி வெட்டினார்கள். குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே நுழைந்துவிடும் என்று முன்பு பிரதமராக இருந்த பால்டுவின் 1932லேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். ஜனங்கள் அதை நம்பினார்கள். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில் டக்ஸ்ஃபோர்ட் விமானதளம். பிரிட்டனின் புதுப் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் அங்கே வந்ததே 1938 ஆகஸ்டில்தான். அப்புறம் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது என்று படைத் தளபதிகள் 1937 கடைசியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்காகப் போருக்கு வர, பிரிட்டிஷ் பேரரசில் இருந்த கனடாவும் தென்னாப்பிரிக்காவும் தயங்கின. முதல் உலகப் போர் முடிந்ததும் செய்த வெர்சாய் உடன்படிக்கையில் ஜெர்மனியை ரொம்பவே நசுக்கிவிட்டோம் என்ற உறுத்தலும் பலருக்கு இருந்தது.

* * *

மேலே எழுதியவர் சொல்வதெல்லாம் சரி. நான் வேலை பார்த்தது செக் நாட்டின் ப்ர்னோவில். அங்கே இதே கதையை வேறு மாதிரி சொல்வார்கள்.

உடன் வேலை பார்த்த நண்பர் ஒருநாள் எல்லைப் பக்கம் கூட்டிப்போய் ஒரு கான்கிரீட் காவலரணைக் காட்டினார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சுவர் முழுக்க ஈரம், துப்பாக்கி நீட்டுகிற துளை வழியே ஒரு பட்டை வெளிச்சம். 1938இல் அவருடைய தாத்தா அங்கே காவலில் இருந்திருக்கிறார். படைதிரட்டல் உத்தரவு வந்ததும் பத்து லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரம்தான். ஒரு குண்டுகூடச் சுடாமல் காலி செய்துவிட்டு வரச் சொன்னார்கள்.

மியூனிக் மாநாட்டு மேசையில் செக் பிரதிநிதிக்கு இடமே கிடையாது. "எங்களைப் பற்றி, எங்களை விட்டுவிட்டு" என்று அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை செக் தலைநகர் பிராகாவுக்குள் வந்தது. செக் தொழிற்சாலைகளில் செய்த டாங்கிகள் அடுத்த வருடம் பிரான்சுக்குள் போயின. பிரிட்டனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நண்பரின் தாத்தா கடைசிவரை அந்தக் காவலரண் பக்கம் திரும்பிப் போகவே இல்லையாம்.