யுமிஸில் 1,268, ஐஷே படிவத்தில் 1,189: மீதி மாணவர்கள் எங்கே?

நோடல்_புதிது:
வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு ஐஷே, அதாவது அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு என்னை நோடல் அலுவலராக, அதாவது கல்லூரியின் விவரங்களைத் திரட்டி ஏற்றும் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். முன்பு இதைப் பார்த்துவந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், கேட்க ஆள் இல்லை.

கல்லூரிகளுக்கான டி.சி.எஃப்-2 படிவத்தில் பாடப்பிரிவு, ஆண்டு, ஆண், பெண், சமூகப் பிரிவு என்று அலுவலகம் கொடுத்த எக்செலைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். மொத்தம் 1,189 வருகிறது. மாநில அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளமான யுமிஸில் எங்கள் கல்லூரிக்கு 1,268 பேர். 79 பேர் குறைகிறார்கள். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரிதான். முதல்வர் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்கிறார். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கணக்கு_முடிந்தது:
மேடம், இதற்காக இரவெல்லாம் உட்காராதீர்கள். பெரிய பாடப்பிரிவு ஏதாவது ஒன்றில் 79ஐச் சேர்த்துவிடுங்கள். யாரும் வந்து தலையை எண்ணப்போவதில்லை. எங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

பழைய_நோடல்:
மேடம், மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வேலையை ஒன்பது ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். யுமிஸும் ஐஷேயும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் பொருந்தவில்லை என்று உங்களால் ஆள் ஆளாகச் சொல்ல முடிய வேண்டும்.

ஒரு கேள்வி. அலுவலக எக்செலில் சமூகப் பிரிவுக்கு என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன? பி.சி.எம்., அதாவது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், தனிக் கட்டமாக இருக்கிறதா? இருந்தால் அதைப் படிவத்தில் எங்கே போட்டீர்கள்?

நோடல்_புதிது:
சார், எக்செலில் ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்), எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. என்று இருக்கிறது. படிவத்தில் பி.சி.எம். கட்டம் இல்லை. ‘முஸ்லிம் சிறுபான்மையினர்’ என்று கீழே ஒரு வரிசை இருந்தது, அதில் போட்டேன். மொத்தம் 86 பேர்.

பழைய_நோடல்:
அங்கேதான் மேடம் இருக்கிறார்கள் உங்கள் பிள்ளைகள். நான் முதல் வருடம் செய்த தவறும் இதுவேதான்.

நம் அலுவலகப் பதிவேடு தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுப்படி அமைந்தது. பி.சி. 26.5, பி.சி.எம். 3.5, எம்.பி.சி.யும் டி.என்.சி.யும் சேர்த்து 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. 3, எஸ்.டி. 1, ஆக 69 சதவீதம். ஐஷே படிவம் நாடு முழுமைக்குமானது. அதில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. போன்ற பிரிவுகள்தான் மொத்தத்துக்குள் கூடும். மாற்றுத்திறனாளி, முஸ்லிம் சிறுபான்மை, பிற சிறுபான்மை வரிசைகள் ‘மேலே எண்ணியவர்களுக்குள் இவர்கள் எத்தனை பேர்’ என்று கேட்பவை. அவை தனியாக மொத்தத்தில் சேராது.

ஆகவே பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., டி.என்.சி. நான்கும் ஓ.பி.சி.க்குள் போக வேண்டும். எஸ்.சி.ஏ. என்பது எஸ்.சி.க்குள். அந்த 86 பேரும் ஓ.பி.சி.யில் ஒருமுறை, முஸ்லிம் வரிசையில் ஒருமுறை வருவார்கள். ஓ.சி.யில் இருக்கும் முஸ்லிம் மாணவர்களையும் மறக்காதீர்கள். அவர்கள் பொதுப்பிரிவிலும் அந்த வரிசையிலும் வர வேண்டும்.

கிறித்தவ மாணவர்களின் சான்றிதழையும் ஒருமுறை பாருங்கள். ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே பி.சி. சிலர் நினைவிலிருந்தே எஸ்.சி. என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் ஓ.பி.சி.யிலும் ‘பிற சிறுபான்மை’ வரிசையிலும் வருவார்கள்.

நோடல்_புதிது:
சார், கை நடுங்கியது. 86ஐச் சேர்த்ததும் 1,275 ஆகிவிட்டது. இப்போது யுமிஸைவிட 7 பேர் கூட வருகிறார்கள்!

பழைய_நோடல்:
பயப்படாதீர்கள், 7 என்றால் பெயர்ப் பட்டியலை வைத்தே தேடிவிடலாம். சேர்ந்தும் யுமிஸில் ஏறாதவர்கள் ஒரு பக்கம். டி.சி. வாங்கிப் போயும் யுமிஸில் நீக்கப்படாதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். கழித்துக் கிடைக்கும் எண் மட்டும் போதாது. கையேட்டில் சொன்ன தேதியில் யார் கல்லூரியில் இருந்தார்கள் என்பதே அளவுகோல். அரியர் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் பழைய மாணவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். தொலைநிலைக் கல்வி மாணவர்களைப் பல்கலைக்கழகமே தன் படிவத்தில் காட்டும்.

புள்ளியியல்_ஆசிரியர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ‘79ஐ எங்காவது சேர்த்துவிடுங்கள்’ என்று சொன்ன நண்பருக்காக இதை எழுதுகிறேன்.

இந்தப் படிவங்கள் எல்லாம் சேர்ந்துதான் மொத்தச் சேர்க்கை விகிதம் ஆகிறது. உயர்கல்வியில் இருப்பவர்களின் எண்ணிக்கையை 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். 2021-22 அறிக்கைப்படி இந்தியாவுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். அதே ஆண்டில் நாடு முழுவதும் 25.9, 21.2. தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் 50 சதவீதம் என்று இலக்கு வைத்திருப்பதும் இதே விகிதத்துக்குத்தான்.

இதில் எண் எவ்வளவு பேச வைக்கும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2019-20 அறிக்கையில் தமிழ்நாட்டுக்கு 51.4 என்று இருந்தது. அடுத்த அறிக்கையில் 46.9. பிள்ளைகள் திடீரெனப் படிப்பை விட்டுவிடவில்லை. முதலாவது 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கணித்த கீழ் எண்ணை, அதாவது வகுக்கும் எண்ணைப் பயன்படுத்தியது, அடுத்தது 2011ஐ. வகுக்கும் எண் மாறியது, விகிதம் இறங்கியது. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கீழ் எண் நம் கையில் இல்லை. மேல் எண் முழுக்க முழுக்க இந்த மேடம் போன்றவர்கள் மேசையில் உருவாகிறது. எக்செலில் பி.சி.எம். கட்டம் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் இதே தவறைச் செய்தால், மாநிலத்தின் ஓ.பி.சி. எண்ணிக்கையிலிருந்து ஒரு சமூகமே காணாமல் போகும். கண்டபடி 79ஐச் சேர்த்தால் மொத்தம் சரியாகத் தெரியும், உள்ளே இருப்பது பொய்யாக இருக்கும். அதைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

கணக்கு_முடிந்தது:
சார், உண்மையில் இவ்வளவு யோசிக்கவில்லை. எங்கள் எக்செலிலும் பி.சி.எம். கட்டம் இருக்கிறது. நாளைக்கே எடுத்துப் பார்க்கிறேன்.

மூன்றாமாண்டு_மாணவி:
நான் மாணவி. இங்கே கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு தாள் கொடுத்து சாதி, மதம், வருமானம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் எழுதச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. என் பெயரோடு என் மதமும் டெல்லிக்குப் போகிறதா?

பழைய_நோடல்:
கேட்கலாம்மா, கேட்க வேண்டிய கேள்விதான் இது.

ஐஷேயில் மாணவர்களைப் பொறுத்தவரை எண்ணிக்கைதான் போகிறது. ‘பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு, ஓ.பி.சி., பெண் 22’ என்பது போல. உன் பெயர் அதில் இல்லை. ஆசிரியர்களுடைய விவரம்தான் ஆள் ஆளாகக் கேட்கப்படுகிறது.

யுமிஸ் வேறு. அதில் உன் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு, ஏனென்றால் பணம் உனக்கு வந்து சேர வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். நீ எங்கே படித்தாய் என்பதைப் பள்ளிகளின் எமிஸ் பதிவோடு ஒப்பிட்டுத்தான் தகுதி பார்க்கிறார்கள்.

புள்ளியியல்_ஆசிரியர்:
ஒன்று சேர்க்கிறேன். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. புள்ளிவிவரத் தேவைக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தத் தரவைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. தாளைக் கொடுப்பவரிடம் ‘இது எந்தத் திட்டத்துக்கு, யார் வைத்திருப்பார்கள்’ என்று கேளுங்கள் மா. சொல்லத் தெரியாத கல்லூரிகள்தான் அதிகம். நீங்கள் கேட்டால்தான் தெரிந்துகொள்வார்கள்.

நோடல்_புதிது:
இதைப் படித்ததும் ஒரு வேலை செய்தேன். எங்கள் அலுவலக எக்செல், பெயரும் ஆதார் எண்ணுமாக, ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. நீக்கச் சொல்லி, பெயரில்லாத எண்ணிக்கைத் தாளை மட்டும் துறைகளுக்கு அனுப்பினேன். தங்கை, உங்கள் கேள்விக்கு நன்றி.

7இன் கணக்கும் முடிந்தது. யுமிஸில் ஏறாதவர்கள் 9 பேர், டி.சி. வாங்கியும் நீக்கப்படாதவர்கள் 2 பேர். 1,268இல் 9ஐக் கூட்டி 2ஐக் கழித்தால் 1,275. படிவத்தைப் பல்கலைக்கழக நோடல் அலுவலரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன், இந்தப் பட்டியலையும் கோப்பில் வைத்துவிட்டேன்.

அந்த 9 பேரில் முதலாமாண்டு மாணவி ஒருவர். அரசுப் பள்ளியிலேயே படித்தவர். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்து என்று பெயர் இருந்ததால் எமிஸ் பதிவோடு பொருந்தவில்லை, அலுவலகத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு மாதம் 1,000 ரூபாய் வரவே இல்லை. தகுதி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை இரண்டு சான்றுகளையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெயர் திருத்தத்துக்கு எங்கே முதலில் போக வேண்டும், பழைய பள்ளிக்கா, இ-சேவை மையத்துக்கா?

பழைய_நோடல்:
பள்ளிக்கு முதலில் போகச் சொல்லுங்கள். எமிஸ் எண்ணை அங்கே எழுதி வாங்கிவிட்டால், எந்தப் பெயர் தவறு என்று அப்போதே தெரிந்துவிடும். தவறு ஆதாரில் என்றால் மட்டும் ஆதார் மையம். தனியாக அனுப்பாதீர்கள், கல்லூரியின் கடிதம் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.