இனிக் கட்டும் ஸ்ரேசன்கள் பழைய பாணியில் வேண்டுமா?

கொக்குவிலான்:
யாழ்ப்பாணம் – காங்கேசன்துறைப் பாதையில் இனி எந்தப் புகையிரத நிலையத்தைத் திருத்தினாலும் 1900களின் பாணியில் கட்டவேண்டும் என்பதே என் கட்சி. அப்போது ஸ்ரேசன்தான் ஊருக்கு வாசல். 1908இல் திறந்த சென்னை எழும்பூரைப் பாருங்கள். ஹென்றி இர்வின் வரைந்த செங்கல் சுவரும் குவிமாடங்களும் தூரத்திலேயே ஊரைச் சொல்லிவிடும். இன்றைய சீமெந்துப் பெட்டிகளைப் பார்த்து எது சுன்னாகம், எது மல்லாகம் என்று சொல்ல முடியுமா?

மாவைக்காற்று:
அண்ணை, அந்தக் குவிமாடங்களை எழும்பூர்ச் சனமா கேட்டது? இந்தியக் கட்டடம் இப்படித்தான் இருக்கும் என்று ஆங்கிலேயர் முடிவுகட்டிய தோற்றம் அது. 1917இல் எழுந்த கொழும்பு கோட்டை நிலையமோ மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தின் சிறிய சாயல். இதில் எங்களுடையது எது? 1990 ஜூனில் போரால் எங்கள் பாதையில் கோச்சி (ரயில்) நின்றபோது போக்குவரத்துப் போனதே என்றுதான் தவித்தோம். முகப்புக்காக யாரும் அழவில்லை.

கொக்குவிலான்:
அழுதவர்கள் இருக்கிறார்கள், தம்பி. இடிந்து கிடந்த யாழ்ப்பாண நிலையத்தைப் பார்த்து நானே அழுதேன். சரி, குவிமாடத்தை விடுங்கள். மின்விசிறி வராத காலத்தில் வெக்கையைக் கட்டடமே சமாளிக்கவேண்டியிருந்தது. அதனால்தான் கூரையை உயர்த்தினார்கள், விறாந்தையை அகலமாக விட்டார்கள். சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்கால் போய்விடும், கீழே சோளகம் என்ற தென்மேல் காற்று தடையில்லாமல் உள்ளே வரும். வைகாசி மத்தியானத்தில் பிள்ளையோடு கோச்சி பார்த்து நிற்கிற தாய்க்கு வேறென்ன வேண்டும்?

மாவைக்காற்று:
இதெல்லாம் எங்கள் நாற்சார் வீட்டிலேயே இருக்கிறதே! தாழ்வாரம், பனைமரச் சலாகை, நடுமுற்றம். அதிலிருந்து தொடங்காமல் 1900க்கு ஏன் போகவேண்டும்?

நூலகவாசி:
இதே சண்டை பின்லாந்தில் 1904இல் நடந்தது. ஹெல்சின்கி ரயில் நிலையத்தை வரையும் போட்டியில் கட்டடக்கலைஞர் எலியேல் சாரினன் வென்றார். அவர் வரைந்தது பழங்காலக் கோட்டை போன்ற வடிவம். ரயில் யுகத்துக்குப் பழங்கதை எதற்கு என்று இன்னொரு கட்டடக்கலைஞரான சிகுர்ட் புரோஸ்டெருஸ் கடுமையாக எதிர்த்தார். சாரினன் வரைபடத்தை மாற்றினார். 1919இல் திறந்த நிலையத்தில் கருங்கல்லும் மணிக்கூட்டுக் கோபுரமும் இருந்தன, கோட்டை வேடம் போய்விட்டது. எதிர்த்தவரும் வரைந்தவரும் இருந்ததால்தான் அந்தக் கட்டடம் கிடைத்தது.

மாவைக்காற்று:
அங்கே எதிர்க்க ஒரு வரைபடமாவது கண்ணில் பட்டது. இங்கேயும் கட்டுமுன் வரைபடத்தை ஊர் வாசிகசாலையில் ஒட்டட்டும். நாற்சார் தாழ்வாரத்தோடு கேட்க நான் ஆள் சேர்க்கிறேன்.

கொக்குவிலான்:
ஒட்டினால் நானும் வருவேன். ஆனால் ஓட்டுக்கூரையையும் அகன்ற விறாந்தையையும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.